கடலூரில் டாஸ்மாக் மட்டும், புதுச்சேரியில் தனியார் மதுக்கடைகள்: ஏன் இந்த வேறுபாடு?

மது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் அரை மணி நேரப் பஸ் பயணத்துக்குள் சட்டமே மாறிவிடுகிறது. கடலூருக்கு 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கிளப்புகளுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும் தனி உரிமம் உண்டு. புதுச்சேரியிலோ 1970ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி தனியாருக்கும் உரிமம். சுற்றுலா வகை உரிமம் பெற்ற விடுதிகள் அமர்ந்து அருந்தும் பார் நடத்தலாம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என 2017இல் விளக்கமளித்தது. நகர மக்களுக்கு இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். கடை வாசலில் ஒதுங்கி நடக்கும் பள்ளிப் பிள்ளைகளை அன்றாடம் பார்க்கிறேன்.

ஒன்றை மறக்காதீர்கள்: புதுச்சேரியில் பில்லுடன் வாங்கிய பாட்டிலானாலும், கடலூருக்குக் கடத்தினால் குற்றம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீசார் பைக்கின் சீட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கிறார்கள். சிக்கினால் வண்டியும் பறிமுதலாகும்.