அக்காகிட்ட கேளுங்க: ஒத்த டிக்லயே நிக்குது

கேள்வி: அக்கா, எங்க அண்ணன் முந்தி ஆமில இருந்து விலகி வந்தவரு. டிரைவர் வேலைனு ஒரு ஏஜென்சிக்காரன் சொன்னத நம்பி ரஷ்யா போனாரு, அங்க போனதும் சைன் வாங்கி சண்டைக்கு அனுப்பிட்டாங்க. மொதல்ல தெனமும் வட்ஸ்அப்ல பேசுவாரு, தீபாவளிக்கு பொறவு ஒன்னுமே இல்ல, நாங்க அனுப்புற மெசேஜெல்லாம் ஒத்த டிக்லயே நிக்குது. அம்மா கொழுந்து எடுக்கக்கூட போறதில்ல, போன மடியில வச்சிக்கிட்டே ஒக்காந்திருக்காங்க.
– ஒரு தங்கச்சி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, ஒத்த டிக்னா மெசேஜ் இன்னும் அந்த போனுக்கு போய் சேரலனு மட்டுந்தான் அர்த்தம், ஆளுக்கு என்னமோ ஆயிருச்சுனு இல்ல, இத மொதல்ல அம்மாவுக்கு சொல்லு. சண்ட நடக்குற எடத்துல போன் சிக்னல வச்சே எதிரி எடத்த கண்டுபுடிச்சிருவான். 2023 ஜனவரி ஒன்னு பொறந்த ராத்திரி உக்ரைன்ல இருக்குற மகீவ்கா ஊர்ல ரஷ்ய ஆமி தங்கியிருந்த கட்டடத்துல ராக்கெட் விழுந்து 89 பேர் செத்தாங்கனு அவங்க பாதுகாப்பு அமைச்சே சொல்லுச்சு, அதுக்கு காரணம் பயலுக போன் பாவிச்சதுனும் சொல்லுச்சு. (அதிகாரிமார் தப்ப மறைக்க பயலுக மேல பழிய போடுறாங்கனு அப்பவே சனம் திட்டுனது வேற கத.) அது போக, 2025 ஆகஸ்ட்ல ரஷ்யாவுல வட்ஸ்அப், டெலிகிராம் கோலுக்கும் கட்டுப்பாடு போட்டுட்டாங்க.

அண்ணன் திரும்ப லைன்ல வந்தா "எங்க இருக்கீங்க, எந்தப் பக்கம் போறீங்க"னு கேக்காதீங்க, அவரு அனுப்புற போட்டோவ பேஸ்புக்ல போடாதீங்க. அழுது வொய்ஸ் அனுப்புறதும் வேணாம், சிக்னல் கொறஞ்ச எடத்துல வொய்ஸ் லேசுல எறங்காது, எறங்குனாலும் அத கேட்டுட்டு அந்த மனுசன் என்னதான் செய்வாரு சொல்லு. சின்னதா டைப் பண்ணி போட்டு வை, சின்னவன் ஓ எல் எழுதப் போறான், லயத்துக்கு புதுத் தகரம் போட்டாச்சு, அம்மாவுக்கு பிரஷர் கொறஞ்சிருச்சு, இப்படி. அனுப்பி 30 நாளுக்குள்ள போன் ஒன்லைன் வந்தா எல்லாம் போய் விழும்.

இன்னொரு பக்கம் பேப்பர் வேலையும் நடக்கணும். பாஸ்போர்ட் கொப்பி, சைன் வச்ச கொண்ட்ராக்ட் போட்டோ இருந்தா அது, கடைசியா வந்த மெசேஜ் தேதியோட, எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டுக்கிட்டு கொழும்புல வெளிநாட்டமைச்சு கொன்சியுலர் பிரிவுல முறைப்பாடு குடுங்க. செஞ்சிலுவைச் சங்கத்துலயும் பதியுங்க, உங்க மாவட்டக் கிளையில கேட்டா வழி சொல்லுவாங்க, காசு கெடையாது. ரஷ்யா உக்ரைன் சண்டைக்குனே 2022 மார்ச்ல ஜெனிவாவுல ஆள் தேடித் தர்ற தனிப் பிரிவு ஒன்னு தொறந்திருக்காங்க. சிறை புடிபட்டிருந்தா 1949 ஜெனிவா ஒப்பந்தப்படி கேம்புக்கு வந்து ஒரு கிழமைக்குள்ள வீட்டுக்கு கார்ட் எழுத விடணும், அப்புறம் மாசத்துக்கு கொறஞ்சது ரெண்டு கடுதாசி நாலு கார்ட், முத்திரக் காசும் இல்ல. சட்டத்துல இருக்குற மாதிரியே நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பேர் பதிஞ்சிருந்தாத்தான் தேடவாச்சும் முடியும்.

அந்த ஏஜென்சிக்காரன் "காசு போடுங்க, அண்ணனோட பேச வைக்கிறேன்"னு கோல் எடுத்தா கட் பண்ணிட்டு, நம்பர எழுதி பொலிஸ்ல குடு.

கேள்வி: தியத்தலாவ கேம்ப்ல வெள்ளக்காரனையே சிறை வச்சிருந்தாங்களாமே, உண்மையா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: உண்மதாங்க. தென்னாப்பிரிக்காவுல இங்கிலீஷ்காரனோட சண்ட புடிச்ச போயர்கள (அங்க குடியேறுன டச்சு வம்ச வெள்ளக்காரங்க) 1900ல கப்பல் ஏத்தி கொண்டாந்தாங்க, சுமாரா 5000 பேர். அவங்க வீட்டுக்கு எழுதுன கடுதாசியெல்லாம் சென்சார்காரன் படிச்சு சீல் குத்துனதுக்கப்புறந்தான் போகும். அந்தக் கவர இன்னைக்கு முத்திர சேக்குறவங்க தேடித் தேடி வாங்குறாங்க, உங்க வீட்டுப் பரண்ல ஏதும் கெடந்தா பழைய பேப்பரோட எடைக்கு போட்டுறாதீங்க.