லைலா செனி ஏன் பின்கதவுக்குத் தாவவில்லை?

நினைத்த மாத்திரத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும் லைலா செனி, மேடையில் மாட்டிக்கொண்டபோது ஏன் பின்கதவுக்குத் தாவவில்லை, என் காமிக்ஸ் இதழில் ஒரு பக்கம் கிழிந்துபோயிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். மேடையில் மாட்டிக்கொண்ட லைலா செனியால் பின்கதவுக்குத் தாவவே முடியாது. 1984இல் மார்வெல் காமிக்ஸின் 'நியூ மியூட்டன்ட்ஸ்' முதல் ஆண்டு மலரில் அறிமுகமான இந்த ராக் பாடகியின் சக்தி, விண்மீன்களுக்கு இடையிலான தூரத்துக்கு மட்டும்தான். பக்கத்து அறைக்கே வேறொரு கிரகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரணும். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் போக டெல்லிக்கு ரயில் ஏறுகிற கதை!

எக்ஸ்-மென் கதைகளில் வரும் நைட்கிராலரை நினைத்துக்கொண்டு படித்திருப்பீர்கள். புகை கிளப்பி எதிர்ச்சுவருக்குப் போகிற ஆள் அவர்தான்.

சந்தேகம் தீரவில்லையா, நடுவில் பின் அடித்த இடத்தைப் பிரித்து எண்ணுங்கள். இரு பக்கமும் தாள் சமமாக இருக்கணும்.

ஆனால் பழைய புத்தகக் கடையில் வாங்கியது என்கிறீர்கள். ஐப்பசி ஈரத்தில் தாள் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மை அடுத்த தாளோடு வந்துவிடும். என் இதழ் ஒன்று அப்படித்தான் போச்சு.