தானியங்கி ஆலையில் தூள் டோசிங் (தூளை அளந்து போடுவது) சரியான அளவில்தான் போகிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறேன். எங்களுக்குத் தூள் என்றால் நீற்றுச் சுண்ணாம்பு. உங்களுடையது சிமென்ட்டோ சோடா சாம்பலோ, சோதிக்கிற வழி பெரிதாக மாறாது.

திரையில் மணிக்கு 30 கிலோ என்று தெரிந்தால், அது வால்யூமெட்ரிக் ஃபீடரில் (எடை பார்க்காமல் கன அளவில் தூள் தள்ளும் கருவி) ஸ்க்ரூவின் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். ஹாப்பர் என்கிற தூள் தொட்டியின் கூம்பில் தூள் வளைவு கட்டி நின்றுவிட்டால் ஸ்க்ரூ வெறுமனே சுற்றும். மோட்டார் டிரிப் ஆகாது, அலாரம் வராது, ரிப்போர்ட்டில் மட்டும் கிலோ ஏறிக்கொண்டே போகும். அதனால் சரிபார்க்கிற தராசு ஃபீடரை இயக்கும் அந்தக் கன்ட்ரோல் லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்க்ரூ வாய்க்குக் கீழே வாளி வைத்து, சரியாக ஒரு நிமிடம் பிடித்து, தனித் தராசில் எடை போடுங்கள். மணிக்கு 30 கிலோ என்றால் நிமிடத்துக்கு 500 கிராம் வர வேண்டும். இப்படித் தொடர்ந்து பத்து முறை. ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு லாக் புக்கில் டிக் அடிப்பதில் பிரயோஜனமே இல்லை. பத்தும் 460-ஐ ஒட்டி வந்தால் கேலிப்ரேஷன் மாற்றினால் போதும். சராசரி 500, ஆனால் ஒன்று 420, அடுத்தது 570 என்று குதித்தால் கோளாறு தூள் இறங்கும் வழியில்தான், செட்டிங்கைத் தொடாதீர்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பி.எல்.சி. (ஆலையை இயக்கும் கன்ட்ரோல் கணினி) எண்களைத் திருகுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதை உங்கள் புராசஸ் சொல்லும். டிரம்மில் மொத்தமாகக் கொட்டுகிற பேட்ச் என்றால் கடைசிக் கூட்டுத்தொகை சரியாக இருந்தால் போதும். ஓடுகிற தண்ணீரில் கலப்பதென்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

லோடு செல் (எடை உணரும் கருவி) வைத்த, எடை குறைவதைக் கணக்கிடும் ஃபீடர் என்றால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். ஹாப்பர் நிரம்பும் நேரத்தில் அதுவும் பழைய வேகத்தை வைத்துக் குருட்டாம்போக்கில்தான் ஓடும். காற்றோடு கலந்து புதிதாக விழுந்த சுண்ணாம்பு தண்ணீர் மாதிரி ஸ்க்ரூவைத் தாண்டிப் பாயும். எனவே ஒரு சோதனையாவது நிரப்பும் நேரத்தில் செய்யுங்கள். ஹாப்பரைக் குழாயோடு சேர்க்கும் இணைப்புத் துணி விறைத்துப் போனாலோ, ஏர் ஹோஸ் ஹாப்பர் மீது சாய்ந்தாலோ எடை பொய்யாகும். தெரிந்த எடைக் கல்லை ஹாப்பரின் ஒவ்வொரு மூலையிலும் வைத்து, எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறுகிறதா என்று பாருங்கள்.

மாதக் கடைசியில் பிரித்த மூட்டைகளின் எடையையும் ரிப்போர்ட் கிலோவையும் ஒப்பிடுங்கள். நுணுக்கம் கிடைக்காது, ஆனால் பெரிய திருட்டுக் கணக்கு அகப்படும்.

சுண்ணாம்பு கழிவுநீரின் பி.எச்.-ஐ (அமில, கார அளவை) ஏற்றுவதால், பி.எச். மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். தோல் கழிவுநீரில் உள்ள குரோமியம் நன்றாக வீழ்படிவாக பி.எச். 8.5 முதல் 9 வரை வேண்டும். ரொம்ப ஏற்றினால் மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே மீட்டர் அவசியம்தான். ஆனால் அது தாமதமாகத்தான் சொல்லும், எலெக்ட்ரோடில் சுண்ணாம்புப் படலம் ஏறினால் அதுவும் தடுமாறும். வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளைச் சாடிய ஊர் இது. ஒற்றை மீட்டரை நம்பிக் கழிவுநீரை வெளியே விட எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சோதனையை அடிக்கடி வையுங்கள். ஈரம் ஏறிய சுண்ணாம்பு கட்டி தட்டும், அதே சுற்றுக்கு வேறு எடை தள்ளும். புது ஆலைக்குப் போனால் நான் திரையைப் பார்க்கும் முன் ஹாப்பர் கூம்பைத்தான் பார்ப்பேன். சுத்தியல் அடித்த குழிகள் இருந்தால், தூள் சிக்குவது ஆபரேட்டருக்கு ஏற்கெனவே தெரியும். எந்த ஷிப்டில் அடிக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டு, வாளியை அந்த நேரத்தில் வையுங்கள்.