பழைய சமையலறைத் தரையை உடைக்காமல் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?

ஒட்டலாம், கீழே இருப்பது கெட்டியாக இருந்தால். பழைய தரையைப் பெயர்க்காமல் அதையே அடித்தளமாக வைத்து, புது டைல்ஸைப் பசையால் ஒட்டுவதுதான் 'டைல் மேல் டைல்'.

சிக்கல் பிடிப்பில்தான். சிமெண்ட் கலவை அடியிலுள்ள நுண்துளைகளில் இறங்கி இறுகினால்தான் பிடிக்கும். பளபளப்பான டைல்ஸோ, கிருஷ்ணகிரிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் பாலிஷ் கிரானைட்டோ அதற்கு இடமே கொடுக்காது. எண்ணெய்ப் பிசுக்குள்ள மிளகாய்த்தூள் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டுவது போலத்தான். ஒட்டும், இரண்டு நாளில் ஓரம் தூக்கும். அதனால் பிசுக்கை நன்றாகக் கழுவி, மேற்பரப்பைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, தூசி போனபின் பாலிமர் கலந்த டைல் பசை போட வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணோடு, பழைய டைல்ஸ்மேல் ஒட்ட ஏற்றது என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள்.

முதலில் தரை முழுவதையும் கட்டையால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி வரும் இடத்தைப் பெயர்த்துப் பூச வேண்டும். தருமபுரியின் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருந்தால் மெழுகும் பெயிண்டும் போகத் தேய்க்க வேண்டும். வினைல் விரிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், உரித்துவிடுங்கள். அது அமுங்கும், டைல் விரிசல் விடும்.

தரை ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும்; கழுவும் தண்ணீர் வெளியேறும் வாட்டத்தை மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

'சிமெண்டுப் பால் கெட்டியாக ஊற்றினால் பசை எதற்கு' என்பார்கள். வெறும் சிமெண்ட் காயும்போது சுருங்கி வெடிக்கும். அளவைக் கூட்டினாலும் வழவழப்பில் பிடிப்பு கூடாது.