சொந்த மந்திரத்துக்கு எந்த நிலை கொடுப்பது?

கேள்வி: பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 5-ஆம் பதிப்பில், 2014 விதிகளின்படி, ஒரு குழுவுக்கு டிஎம்-ஆக (ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்) இருக்கிறேன். விசர்டாக (மந்திரவாதி) ஆடும் தோழி ‘நிழல் சங்கிலி’ என்று ஒரு மந்திரம் எழுதி வந்திருக்கிறாள். எதிரி சேவிங் த்ரோவில் (மந்திரத்திலிருந்து தப்பிக்கப் பகடை உருட்டுவது) தோற்றால் அவன் நிழலே சங்கிலியாகி அவனைக் கட்டிப்போடும். ஒரு நிமிடத்துக்கு அவனால் எதுவும் செய்ய முடியாது. சுற்றுக்கு 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று) சேதம் வேறு. “1டி6 தானே, முதல் நிலை போதும்” என்கிறாள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: கற்பனை அருமை. மந்திரத்தின் பலத்தைச் சொல்லும் நிலைதான் இடிக்கிறது.

முதலில் அந்த 1டி6. டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் புது மந்திரம் எழுதுபவர்களுக்கென்றே ஒரு சேத அட்டவணை உண்டு. ஒரே ஆளைத் தாக்கும் முதல் நிலை மந்திரத்துக்கு 2டி10, சராசரி 11. ஒரு நிமிடம் என்பது 10 சுற்று. 1டி6 பத்து தடவை விழுந்தால் சராசரி 35. ஆனால் எந்தச் சண்டை பத்து சுற்று போகிறது? மூன்று சுற்று என்று வைத்தால் 10.5. ஆக, சேதமே முதல் நிலைக்கான முழு விலையையும் தின்றுவிடுகிறது. கட்டிப்போடுவது இலவச இணைப்பு! (நெருப்புப் பந்து வீசும் ஃபயர்பால் மந்திரத்தைக் காட்டி வாதாடினால் மசியாதீர்கள். மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு அட்டவணை சொல்வது 6டி6, ஃபயர்பால் தருவது 8டி6. அது செல்லப்பிள்ளை, அளவுகோல் இல்லை.)

உண்மையான சிக்கல் ‘எதுவும் செய்ய முடியாது’ என்ற வரியில் இருக்கிறது. நான்கு பேர் ஒரே அரக்கனைச் சுற்றி நிற்கும்போது அவன் ஆட வேண்டிய முறையைப் (டர்ன்) பறித்துவிட்டால் சண்டையே முடிந்த மாதிரிதான். சேதத்தை எண்ணிப் பார்க்கலாம், பறிபோன முறையை எண்ண முடியாது. அதனால் இந்த மாதிரி மந்திரங்களுக்கு அட்டவணையை மூடிவிட்டு, புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிற நெருங்கிய சொந்தத்தைத் தேடுங்கள்.

இதற்கு நெருங்கியது ஹோல்ட் பெர்சன். இரண்டாம் நிலை, கான்சென்ட்ரேஷன் (மந்திரம் நீடிக்க, போட்டவர் கவனம் கலையாமல் இருப்பது) வேண்டும், மனித உருவினர் மீது மட்டும்தான் பலிக்கும், தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் எதிரிக்கு மறுபடி ஒரு சேவிங் த்ரோ. அதே வேலையை வேறு உயிர்கள் மீதும் செய்யும் ஹோல்ட் மான்ஸ்டர் எந்த நிலை தெரியுமா? ஐந்து. ‘மனிதர் மட்டும்’ என்ற ஒரு வரம்பை எடுத்ததற்கு மூன்று நிலை ஏறுகிறது. உங்கள் தோழியின் மந்திரத்தில் அந்த வரம்பும் இல்லை, கான்சென்ட்ரேஷனும் இல்லை, மறு சேவிங் த்ரோவும் இல்லை, கூடவே சேதம். ஐந்தாம் நிலையிலேயே எனக்குக் கை நடுங்கும்.

முதல் நிலையிலும் ஒரு சொந்தம் இருக்கிறது. காட்டு வீரனான ரேஞ்சரின் என்ஸ்னேரிங் ஸ்ட்ரைக் கட்டவும் செய்கிறது, சுற்றுக்கு 1டி6 சேதமும் தருகிறது. ஆனால் முதலில் ஆயுதத்தால் அடித்தாக வேண்டும், கான்சென்ட்ரேஷன் வேண்டும், மாட்டியவன் தன் முறைக்குரிய ஆக்‌ஷனைச் செலவழித்து முண்டிப் பார்க்கலாம். முக்கியமாக, அது எதிரியை உறைய வைப்பதில்லை, ‘ரெஸ்ட்ரெயின்ட்’ ஆக்குகிறது. வேகம் பூஜ்யம், அவன் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுப்பது), அவனைத் தாக்கினால் அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). முறை மட்டும் அவன் கையில்தான். நிழல் சங்கிலியையும் இப்படி மாற்றி, சேதத்தைக் கழற்றிவிட்டால் முதல் நிலை கொடுக்க எனக்குத் தயக்கமில்லை. எட்ட நின்றே போட முடிகிற விசர்டுக்கு அதுவே நல்ல பேரம்.

அப்புறம், நிழலை அலங்காரமாக விடாதீர்கள், விதியாக்குங்கள். ‘இலக்கு வெளிச்சத்தில் அல்லது மங்கிய வெளிச்சத்தில் நிற்க வேண்டும், முழு இருட்டானால் சங்கிலி அறுந்துவிடும்’ என்று எழுதிப் பாருங்கள். மாட்டிய எதிரி பக்கத்திலுள்ள தீப்பந்தத்தை அணைக்கத் துடிப்பான், உங்கள் ஆட்கள் அதைக் காப்பாற்ற ஓடுவார்கள். ஒரு வரியில் ஒரு சண்டைக்காட்சியே வந்துவிடுகிறது. வார்த்தையில் மட்டும் கவனம். நான் ஒருமுறை ‘நிழலில் நிற்பவர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். இரவு என்பது பூமியின் நிழல்தானே என்று ஒரு ஆட்டக்காரர் கிளம்பி, அன்றைய பாதி ஆட்டம் வானவியலில் போனது. விதிப்புத்தகத்தில் வெளிச்சத்துக்கென்று இருக்கிற சொற்களையே எடுத்தாளுங்கள்.

தோழி வருத்தப்படுவாளோ என்று யோசித்தால், இரண்டு அட்டை எழுதி நீட்டுங்கள். ஒன்றில் ரெஸ்ட்ரெயின்ட், முதல் நிலை, இன்றைக்கே கிடைக்கும். இன்னொன்றில் அவள் கேட்ட மாதிரியே உறைய வைக்கும் சங்கிலி, சேதம் இல்லாமல், கான்சென்ட்ரேஷனும் மறு சேவிங் த்ரோவும் சேர்த்து, ஐந்தாம் நிலை. கதாபாத்திரம் வளர்ந்து 9-ஆம் லெவலை அடைந்தால்தான் விசர்டுக்கு அது எட்டும். எதை எடுத்தாலும் ‘மூன்று ஆட்டம் வரை வெள்ளோட்டம், பிறகு மாற்றுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் அதே மந்திரத்தை வில்லனின் கையில் கொடுத்து அவள் மீதே ஏவுங்கள். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தே எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.