"அமைதியா இருந்துச்சு"ன்னு எழுதினது தப்பு – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன வாரம் பயணம் பத்தி எழுதினதுல இந்தோனேசியாவோட அச்சே மாகாணம் பத்தி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீங்க, "சுனாமிக்கு அப்புறம் 2005ல சண்டை நின்னுச்சு, நான் போனப்போ ஊரே அமைதியா இருந்துச்சு"ன்னு. அவ்வளவுதானா? தனிநாடு கேட்டவங்களுக்கும் இந்தோனேசிய ராணுவத்துக்கும் முப்பது வருஷம் சண்டை நடந்த இடம், உலகமே பணம் கொட்டின இடம், அப்போ கிராமமெல்லாம் நல்லாவே மாறியிருக்கும்ல? இன்னொண்ணு, காட்டிக் கொடுத்தவனும் அதுல புருஷனைப் பறிகொடுத்தவளும் ஒரே தெருவுல இருந்தா எப்படி முகத்துல முழிப்பாங்க? மன்னிச்சுட்டாங்களா? நீங்க தங்கின ஊரைப் பத்தி விரிவா எழுதுங்க. அங்க எப்படிப் போறதுன்னும் சொல்லுங்க.

பி., ஈரோடு

அன்புள்ள தம்பி,

அந்த வரியை எழுதிட்டு எனக்கே உறுத்திட்டுத்தான் இருந்துச்சு, நீங்க கரெக்டா பிடிச்சுட்டீங்க.

ஊர் பேரைச் சொல்ல மாட்டேன், ஏன்னு படிச்சா புரியும். வடக்குக் கரையில பிடியேன்னு ஒரு மாவட்டம், மெயின் ரோட்டுலேர்ந்து மலைப்பக்கமா உள்ளே போகணும், நூறு நூத்தி இருபது வீடு இருக்கும், முன்னாடி வயல், பின்னாடி பாக்குத் தோப்பும் கோகோவும். நான் பினாங்குல வேலை பார்த்தப்போ கீழ்வீட்டுல சாப்பாட்டுக் கடை வச்சிருந்த அக்கா அந்த ஊர்க்காரங்க, 2003ல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மலேசியாவுக்கு ஓடி வந்தவங்க, ரம்ஜான் நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஊருக்குப் போறேன் நீயும் வர்றியான்னு கேட்டாங்க, கிளம்பிட்டேன்.

ஊருக்கு அங்க கம்போங்னு பேரு, தலைவர் கெச்சிக். நடுவுல மெனாசான்னு ஒரு மண்டபம், தொழுகை, பஞ்சாயத்து, பசங்க குர்ஆன் ஓதறது எல்லாம் அங்கதான். கடைசியில ஒரு காப்பிக் கடை, துணி வடிகட்டியைத் தலைக்கு மேல தூக்கி ஊத்துவாங்க, நம்ம டீ மாஸ்டர் ஆத்துற மாதிரியே. ஆம்பளைங்க அங்க உட்கார்ந்தா எழுந்திரிக்கிறது கஷ்டம்.

பொம்பளைங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பிடியேன்னாலே எம்பிங்தான் ஃபேமஸ், மெலிஞ்சோன்னு ஒரு கொட்டையில செய்யற அப்பளம்னு வச்சுக்கோங்க. கொட்டையைச் சுடுமணல்ல வறுத்து, சூடு ஆறுறதுக்குள்ள ஓட்டை உடைச்சு, பருப்பைக் கல்லு மேல வச்சு சுத்தியலால தட்டித் தட்டி மெலிசாக்கி வெயில்ல காயப் போடணும். அக்காவோட அம்மா எழுபது வயசுல அதைச் செய்யறாங்க, ஆள்காட்டி விரல் நுனி வறுபட்டு மரத்துப் போயிருக்கு, சூடே தெரியாதாம். கொட்டையைக் கொடுக்கறவரும் அப்பளத்தை எடுத்துக்கறவரும் ஒரே வியாபாரி, அவருக்கு தொக்கேன்னு பேரு, இவங்களுக்குத் தட்டுக்கூலி மட்டும்தான். விடியறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வீடு டக் டக்னு சத்தம் ஆரம்பிச்சுடும். சண்டைக் காலத்துல ரோட்டோரத்து வீட்டுல சத்தம் சடார்னு நின்னா ராணுவ லாரி வருதுன்னு அர்த்தமாம், அடுத்த வீடும் நிறுத்தும், அதுக்கடுத்த வீடும் நிறுத்தும், கடைசி வீட்டு ஆம்பளைங்க தோப்புக்குள்ள ஓடிடுவாங்களாம்.

இப்ப உங்க முதல் கேள்வி. பணம் கொட்டுச்சுதான், ஆனா கடலோரத்துல கொட்டுச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நாலு வருஷத்துல லட்சத்துக்கு மேல வீடு கட்டினாங்க, அது பெரிய சாதனை, மறுக்கல. ஆனா சண்டையில வீடு எரிஞ்ச இந்த மாதிரி கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற கிராமங்களுக்கு அலை வரல, அதனால லிஸ்ட்லயும் வரல. சிமெண்ட் லாரி எங்க ரோட்டுல போறதை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்னு அந்த அம்மா சொன்னாங்க. சுனாமிதான் சண்டையை நிறுத்துச்சுன்னு சொல்றதும் பாதிதான் உண்மை, சமாதானத் தூது அதுக்கு முன்னாடியே போயிட்டு இருந்துச்சு, அலை அதை வேகப்படுத்துச்சு, 2005 ஆகஸ்ட் 15 ஃபின்லாந்து ஹெல்சின்கியில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. காம்னு சொல்ற விடுதலை இயக்கம் 840 துப்பாக்கியை ஒப்படைக்கணும், 3000 போராளிங்க வீட்டுக்குப் போகணும், அரசு அவங்களுக்கு நிலமோ வேலையோ கொடுக்கணும், பாதிக்கப்பட்ட பொதுஜனங்களுக்கும் கொடுக்கணும்னு ஒப்பந்தம். போராளிங்களுக்கு வந்துச்சு, பெரிய தலைங்களுக்கு நல்லாவே வந்துச்சு, கான்ட்ராக்ட், கட்சி, 2009 தேர்தல்ல அவங்க கட்சிக்கு மாகாண சபையில 69க்கு 33 சீட். பொதுஜனம்னு எழுதினாங்களே, அவங்க எம்பிங் தட்டிட்டு இருக்காங்க. சுமத்ராத் தீவுலயே ஏழை மாகாணம் இன்னைக்கும் அச்சேதான்.

2007ல உலக வங்கி உதவியோட, சண்டையில அடிபட்ட கிராமங்களுக்குன்னு நேரடியா கொஞ்சம் பணம் வந்துச்சு. ஊர்க்கூட்டம் போட்டு யார் பாதிக்கப்பட்டவங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்கன்னாங்க. நிறைய ஊர்ல என்ன பண்ணாங்க தெரியுமா, வீட்டுக்கு இவ்வளவுன்னு சமமா பிரிச்சுட்டாங்க. வெளியிலேர்ந்து பார்த்தா திட்டம் சொதப்பின மாதிரி இருக்கும், எனக்கு அப்படித் தோணல. இவன் பாதிக்கப்பட்டவன், இவன் இல்லன்னு மெனாசாவுல உட்கார்ந்து பேர் வாசிச்சா அடுத்து என்ன கேள்வி வரும்? அந்தக் கேள்விக்கு பயந்துதான் பணத்தைப் பிரிச்சாங்க.

அதான் உங்க ரெண்டாவது கேள்வியும். ராணுவத்துக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறவனுக்கு அச்சே பாஷையில சுவாக்னு பேரு. 1989லேர்ந்து 98 வரைக்கும் அச்சே ராணுவக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு, அப்போ பிடியேவுல ரூமோ குடோங்னு ஒரு பெரிய பழைய மரவீட்டை ராணுவம் எடுத்து சித்திரவதைக் கூடமா வச்சிருந்தாங்க, சுவாக் கை காட்டினா அங்கதான். சுவாக்ல சில பேர் அடி தாங்காம கை காட்டினவங்க, அதையும் சொல்லணும். இன்னொரு பக்கம் காம் ஆளுங்க சுவாக்னு சந்தேகப்பட்டவங்களைக் கொன்னாங்க, வரின்னு சொல்லி வீட்டுக்கு வீடு பணம் வாங்கினாங்க. 2003 மே மாசம் ராணுவச் சட்டம் வந்தப்போ எல்லாருக்கும் சிவப்பு வெள்ளையில புது அடையாள அட்டை, கொடி கலர்ல, ராணுவம் போலீஸ் கையெழுத்தோட. அது இல்லாம வழியில மாட்டினா நீ காம் ஆளு. அந்த அம்மா அதை இன்னும் தூக்கிப் போடல, அரிசி டப்பாவுக்குக் கீழ இருக்கு, பேப்பர்ல சுத்தி.

அவங்க வீட்டுக்காரரை 90கள்ல கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல. கை காட்டினவர்னு ஊர் நினைக்கிற ஆள் நாலு வீடு தள்ளி இருக்கார், நான் பார்த்தேன், வத்தலா ஒரு கிழவர், சைக்கிள்ல தேங்காய் கட்டிட்டுப் போறார். ரெண்டு பேரும் எதிரெதிரே வந்தா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. காப்பிக் கடைக்கு அவர் வந்தா யாரும் எழுந்து போறதில்ல, யாரும் "எங்க போயிட்டு வர்றீங்க"ன்னு கேக்கறதும் இல்ல. நம்ம கிராமத்துல இருந்தவங்களுக்கு அந்தக் கேள்வி இல்லாததோட வலி தெரியும்.

அச்சேவுல பெசிஜுக்னு ஒரு சடங்கு இருக்கு, நேரா சொன்னா குளிர வைக்கிறது. மஞ்சள் போட்ட பசைஅரிசிச் சோறு, அரிசி, மாவு கரைச்ச தண்ணி, இலைக்கொத்தால தெளிப்பாங்க, கல்யாணத்துக்கும் உண்டு, புது வண்டிக்கும் உண்டு, சண்டை போட்டவங்களைச் சேர்த்து வைக்கவும் உண்டு. 2005ல மலையிலேர்ந்து இறங்கின பசங்களுக்கு ஊருக்கு ஊர் பண்ணாங்க. அந்தக் கிழவருக்கு யாரும் பண்ணலையாம். ஏன்னு கேட்டேன், "அவர் எங்கயும் போகலையே, திரும்பி வர்றவங்களுக்குத்தானே பண்ணுவோம்"னாங்க அந்த அம்மா. அது நிஜமா அவங்க வழக்கமா, இல்ல என்னைச் சமாளிச்சாங்களா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவில்ல.

நான் இருந்தப்போ மெகாங் வந்துச்சு, நோன்புக்கு முந்தின நாள் எந்த ஏழை வீட்டுலயும் மாட்டுக்கறி இருந்தே ஆகணும், வாங்க முடியாத விதவைங்களுக்கு ஊரே பங்கு கொடுக்கும். அம்மா சமைச்சு, தட்டு தட்டா வச்சு, பேரன்கிட்ட கொடுத்து பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினாங்க. நாலாவது வீட்டுக்கு அனுப்பல. சாயங்காலம் பார்த்தா பேரன் தானா ஒரு தட்டை எடுத்துட்டு அந்தப் பக்கம் போறான், அம்மா பார்த்தாங்க, கூப்பிடல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அந்த வீட்டுப் பையன் அவனோட க்ளாஸ்மேட், அவ்வளவுதான். மன்னிப்பான்னு கேட்டீங்கல்ல, நான் பார்த்ததுல அதுக்குக் கிட்ட வந்தது இதுதான், இதுவும் மன்னிப்பு இல்ல.

அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னா, 2023 ஜனவரியில ஜனாதிபதி ஜோகோவி நாடு முழுக்க 12 பெரிய மனித உரிமை மீறல்கள் நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிச்சார், அதுல மூணு அச்சே, ரூமோ குடோங்கும் உண்டு, தெற்கு அச்சேவுல 2003 மே 17 அன்னைக்கு 16 பேரைக் கொன்ன ஜம்போ குபோக் கிராமமும் உண்டு. ஜூன்ல அவரே ரூமோ குடோங் இருந்த இடத்துக்கு வந்து நஷ்டஈட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். வீடு 1998லயே ஜனங்க எரிச்சது, மிச்சம் நின்ன இடிபாட்டை அவர் வர்றதுக்கு முன்னாடி தரைமட்டமாக்கிட்டாங்க, மசூதியும் பூங்காவும் கட்டணும்னு. சாட்சியை இடிச்சுட்டு வருத்தம் சொல்றதான்னு உரிமை அமைப்புகள் கத்தினாங்க, நானும் அவங்க கட்சிதான். கோர்ட், கேஸ்? நீதிமன்றம் இல்லாத தீர்வுன்னு அந்தத் திட்டத்துக்கே பேரு.

போறதுன்னா சுமத்ராவுல இருக்கிற மேடான் நகரத்துக்கு ஃப்ளைட், அங்கேர்ந்து அச்சேவோட தலைநகர் பாண்டா அச்சேக்கு நைட் பஸ் நிறைய, நல்ல ஏசி பஸ், பிடியேவுல பெருனுன் கடைத்தெருவுல இறங்கிக்கலாம். தலையை மூடற துணி, முழுக்கை சட்டை, இதெல்லாம் ஷரியா சட்டம் இருக்கிற இடம்னு ஞாபகம் வச்சுக்கிட்டு உங்க வீட்டுப் பொம்பளைங்க கூட வந்தா எடுத்துக்கட்டும். மெகாங் சமயத்துல மட்டும் போகாதீங்க, பஸ்ல சீட் கிடைக்காது. எம்பிங் வாங்கினா கையிலயே வச்சுக்கோங்க, செக்-இன் லக்கேஜ்ல போட்டு நான் ஊருக்குக் கொண்டு வந்தது தூள்தான்.