ஒரு பாக்கெட் ஃபயர்வாலையே சாய்க்குமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஃபயர்வால் (நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) இருக்கிறது. ஒரு டிஎன்எஸ் பாக்கெட் (இணையதளப் பெயருக்கு முகவரி தேடும் சிறு தகவல் துண்டு) அனுப்பியே அதை முடக்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா? அப்டேட் செய்ய நிர்வாகம் நேரம் தர மறுக்கிறது.

பதில்: உண்மைதான். 2024 டிசம்பர் கடைசியில் அந்த நிறுவனமே அறிவித்த ஓட்டை இது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2024-3393. கோளாறான பாக்கெட் ஃபயர்வால் வழியாகப் போனாலே போதும், லாகின் தேவையில்லை, பெட்டி ரீபூட் ஆகிவிடும். திரும்பத் திரும்ப அனுப்பினால் மெயின்டனன்ஸ் மோடுக்கு (பழுதுபார்க்கும் நிலைக்கு) போய் நின்றுவிடும். அப்புறம் ஆள் வந்துதான் மீட்க வேண்டும். தகவல் திருட்டு இதில் இல்லை. ஆனால் பில்லிங் நேரத்தில் நெட் செத்தால் என்ன பாடு என்று உங்கள் நிர்வாகத்துக்கே தெரியும்!

கெட்ட டொமைன்களைத் தடுக்கும் 'டிஎன்எஸ் செக்யூரிட்டி' வசதியின் லாகிங் (பதிவு எழுதுவது) இயங்கினால்தான் ஆபத்து. பான்-ஓஎஸ் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) 10.1.14-எச்8, 10.2.10-எச்12, 11.1.5, 11.2.3 ஆகியவற்றில் சரிசெய்துவிட்டார்கள். உங்களிடம் 11.0 என்றால் அதற்கு ஆதரவே முடிந்துவிட்டது, திருத்தம் வராது. அடுத்த வரிசைக்கு மாறுங்கள்.

நேரம் கிடைக்கும்வரை ஒரு வழி: ஆன்டி-ஸ்பைவேர் புரொஃபைல் (உளவு மென்பொருளைத் தடுக்கும் அமைப்பு) ஒவ்வொன்றிலும் டிஎன்எஸ் பாலிசீஸ் பகுதிக்குப் போய், டிஎன்எஸ் செக்யூரிட்டி வகைகள் எல்லாவற்றுக்கும் லாக் சிவியாரிட்டியை 'நன்' (None, அதாவது பதிவு வேண்டாம்) என மாற்றி, மாற்றம் அமலாக 'கமிட்' கொடுங்கள். இதற்கு ரீபூட் வேண்டாம், இன்றே செய்யலாம். அப்டேட் முடிந்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். எந்தக் கம்ப்யூட்டர் கெட்ட டொமைனைத் தேடிப் போகிறது என்று காட்டிக்கொடுப்பது அந்த லாக்தான். இரண்டு பெட்டி ஜோடியாக இருந்தால் சும்மா நிற்பதை முதலில் அப்டேட் செய்யுங்கள். அதுவரை மற்றது வேலை பார்ப்பதால், நிர்வாகம் பயப்படும் அளவுக்கு நெட் நிற்காது.